எம்டன் தெரியும், மூஸ்கே தெரியுமா?

பினாங்குத் தமிழர்கள் மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸில் குண்டு போட்ட கதையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அதே எம்டன் சுமார் ஐந்து வாரம் கழித்து நம் வீட்டு வாசலுக்கே வந்து இரண்டு போர்க்கப்பல்களை மூழ்கடித்துவிட்டுப் போனது என்றால், "அப்படியா, இங்கேயா?" என்று கேட்கிறோம்.

போன வருஷம் சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா மகனை லிட்டில் இந்தியாவில் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தேன். பசியாறி முடித்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நடந்து வரும்போது பேச்சுவாக்கில் எம்டன் பெயரை எடுத்தேன். அவன் உடனே, "ஹைகோர்ட் காம்பவுண்டு சுவத்துல கல்வெட்டு இருக்கே, அதுதானே மாமா? பஸ்ஸுல போறப்போ பார்த்திருக்கேன்" என்றான்.

"அதேதான்டா தம்பி. அது இங்கேயும் வந்துச்சு."

"இங்கே எதுக்கு மாமா வந்துச்சு?"

நியாயமான கேள்விதான். அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். ஆனால் என் கதாநாயகன் எம்டன் இல்லை. அதைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. நான் சொல்ல வந்தது மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரிக் கப்பலைப் பற்றி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லெபோ குவீன் மாரியம்மன் கோயில் வாசலில் நின்றுகொண்டு கிழக்கே பாருங்கள். லெபோ கிங், லெபோ பினாங், லெபோ பந்தாய், அதைத் தாண்டினால் வெல்ட் கீ, கடல். மெதுவாக நடந்தாலும் பத்து நிமிஷம்தான். கோயில் 1833இல் கட்டியது. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதற்கும் முந்தியது. பினாங் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுகிற கோவில் வீடும் அங்கேதான். 1914இல் இந்தத் தெருக்கள் எல்லாம் இதே இடத்தில் இருந்தன. ஆகவே அந்த விடிகாலையில் வெடித்தது என்ன என்று முதலில் பதறி எழுந்தவர்களில் நம் ஆட்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், படகோட்டிகள், கிட்டங்கித் திண்ணையில் படுத்திருந்த கணக்குப்பிள்ளைகள்.

எம்டன் அதற்குள் வங்கக் கடலைக் கலக்கியிருந்தது. செப்டம்பர் மாதம் கல்கத்தா போகும் வழியில் வரிசையாக வணிகக் கப்பல்களைப் பிடித்தது. செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டது. பத்து நிமிஷ வேலை, நூற்றுச் சொச்சம் குண்டு. மெட்ராஸிலிருந்து சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். பிறகு இலங்கையைச் சுற்றி மினிக்காய்ப் பக்கம் போய் இன்னும் சில கப்பல்கள். அக்டோபரில் தியேகோ கார்சியா தீவில் நின்று நிதானமாக நிலக்கரி ஏற்றியது. அந்தத் தீவுக்காரர்களுக்கு உலகப்போர் தொடங்கிய செய்தியே வந்து சேர்ந்திருக்கவில்லை. ஜெர்மன்காரர்களும் சொல்லிக்கொள்ளவில்லை. தீவு மேலாளரின் மோட்டார் படகைப் பழுதுபார்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

கப்பல்கள் இப்படிக் காணாமல் போகும்போது பினாங்கு வியாபாரிகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ரங்கூன் அரிசி, மெட்ராஸ் துணி, நாகப்பட்டினத்து ஆட்கள், செட்டியார் உண்டியல், வீட்டுக் கடிதம் எல்லாமே அந்தக் கடல் வழியாகத்தான் வரவேண்டும்.

இடையில் ஒன்று. தமிழ்நாட்டில் இந்தக் கதையைத் தொட்டாலே செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தார் என்று யாராவது சொல்வார்கள். அவர் பெரிய மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். எம்டனில் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. விட்டுவிடுவோம்.

இனி பினாங்கு. 1914 அக்டோபர் 28, புதன்கிழமை. ஐப்பசி மாதம், இங்கே நல்ல மழைக்காலம். துறைமுகத்தில் ரஷ்யக் குரூசர் ஜெம்சுக் நங்கூரம் போட்டிருந்தது. 1905 சூஷிமா சண்டையில் ஜப்பானியரிடம் தப்பித்து வந்த கப்பல் அது. கொதிகலன்களைச் சுத்தம் செய்ய இங்கே வந்திருந்தது. தலைவர் செர்காசோவ் பிரபு அன்றிரவு கப்பலில் இல்லை. ஈ அண்ட் ஓ ஹோட்டலில் இருந்தார். கப்பலில் காவல் சரியில்லை. குண்டுகள் பெரும்பாலும் கீழே அறையில் பூட்டிக் கிடந்தன.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இங்கே நாலு கப்பல். திபெர்வில் என்ற பழைய பீரங்கிப் படகு, பிறகு ஃப்ரோந்த், பிஸ்டோலே, மூஸ்கே என்று மூன்று நாசகாரிகள். மூன்றும் ஒரே வகுப்பு, ஒரே அச்சு. ஃப்ரோந்துக்குத் தனிக் கதை உண்டு. 1906இல் ஹாங்காங்கை அடித்த புயலில் கரையில் தூக்கி எறியப்பட்டு ஐந்து பேரைப் பறிகொடுத்த கப்பல் அது.

நாசகாரி என்றதும் பெரிய ராட்சதக் கப்பலை நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் அது சின்னதுதான். பெரிய போர்க்கப்பலின் அடிவயிற்றில் டார்பிடோ விட்டு ஓடிவிடும் குட்டிப் படகுகளை விரட்டுவதற்காகப் பிறந்த இனம். வேகம் உண்டு, கவசம் கிடையாது. 1902இல் கடலில் இறக்கப்பட்ட மூஸ்கேயின் எடை சுமார் 300 டன். நீளம் 60 மீட்டருக்கும் குறைவு. 65 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று, 47 மில்லிமீட்டர் ஆறு, டார்பிடோக் குழாய் இரண்டு. எம்டனோ 3,600 டன்னுக்கு மேல். நீளம் 118 மீட்டர், 105 மில்லிமீட்டர் பீரங்கி பத்து. மூஸ்கேயின் குண்டு போய்ச் சேரும் தூரத்துக்குள் வருவதற்கு முன்பே எம்டனின் குண்டு வந்து விழுந்துவிடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்டனுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிதான். துணியும் மரமும் வைத்து நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் குரூசர் யார்மவுத்துக்கு நாலு. இருட்டில் பார்த்தால் நம் கப்பல் மாதிரியே தெரியும். அந்த வேஷத்தோடு விளக்கணைத்து வடக்கு வாய்க்கால் வழியாக உள்ளே வந்தது எம்டன். இந்தக் கடலில் வணிகக் கப்பல் ஓட்டி ஒவ்வொரு துறைமுகத்தையும் அறிந்த லவுட்டர்பாக் என்ற அதிகாரி ஒருவர் கப்பலில் இருந்தது வசதியாகப் போயிற்று.

வடக்கு வாசலைக் காவல் காக்கும் முறை அன்று மூஸ்கேயுடையது. எம்டன் எப்படியோ அதைக் கடந்து உள்ளே வந்துவிட்டது. இது மூஸ்கேயின் பேரில் எழுதப்பட்ட பழி. அகலமான கடல்வாய், இருட்டு, ஒரே ஒரு சின்னக் கப்பல். வருகிறதோ நட்பு நாட்டுக் கப்பலின் உருவத்தில். பழி சொல்வது சுலபம், அவ்வளவுதான் என் கருத்து.

உள்ளே நடந்தது சில நிமிஷம். விடிகாலை ஐந்தேகால் வாக்கில் எம்டன் ஜெர்மன் கொடியை ஏற்றியது. முந்நூறு மீட்டர் கிட்டத்தில் முதல் டார்பிடோ. பிறகு பீரங்கி. ஜெம்சுக்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் தளத்துக்கு ஓடி வருவதற்குள் எம்டன் துறைமுகத்துக்குள்ளேயே திரும்பி, இரண்டாவது டார்பிடோவை விட்டது. கப்பல் பிளந்து மூழ்கியது. கிட்டத்தட்ட 90 பேர் செத்தார்கள், 120 பேருக்கு மேல் காயம். செர்காசோவ் ஹோட்டலிலிருந்து பார்க்கும்போது அவர் கப்பல் எரிந்துகொண்டிருந்தது. விளாடிவோஸ்டோக் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மூன்றரை வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. பிறகு ஜார் அதை மாற்றிச் சாதாரண மாலுமியாகப் போர்முனைக்கு அனுப்பினார்.

ஜெம்சுக்கோடு எம்டன் நின்றிருக்காது, பிரெஞ்சுக் கப்பல்களையும் ஒரு கை பார்த்திருக்கும். ஆனால் வெளியிலிருந்து ஏதோ கப்பல் வருவது மங்கலாகத் தெரிந்தது. போர்க்கப்பலாக இருந்தால் துறைமுகத்துக்குள் அடைபட்டுப் போவோமே என்று எம்டன் வெளியே பாய்ந்தது. வழியில் ஆயுதமில்லாத ஒரு துறைமுகப் படகைத் தவறாகச் சுட்டது. பிறகு கிளென்டர்ரெட் என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பலை மடக்கியது. அதைச் சோதனை போட ஒரு படகில் ஆட்களையும் அனுப்பிவிட்டது.

அப்போதுதான் வடக்கே காவலை முடித்துக்கொண்டு மூஸ்கே திரும்பி வந்தது.

அதன் தலைவர் லெப்டினன்ட் ஃபெலிக்ஸ் தெரோவான். எதிரே நிற்பது யார் என்று அவருக்கு எந்த நொடியில் தெரிந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் பேச்சு உண்டு. முதலில் நட்புக் கப்பல் என்று நினைத்துத்தான் நேராக வந்திருக்க வேண்டும் என்பவர்கள் அதிகம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் தெரிந்த பிறகு அவர் செய்தது பற்றிப் பேச்சே இல்லை. பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஒரு டார்பிடோவை ஏவினார், அது படவில்லை. இருந்த சின்னப் பீரங்கிகளால் சுட்டார். எம்டனின் முதல் குண்டுகள் தவறின. அடுத்து வந்தவை தவறவில்லை. கொதிகலன் அறையில் அடி, மேல் தளத்தில் அடி. நடுவில் எம்டன் தலைவர் ஃபான் முல்லர் சுடுவதை நிறுத்திப் பார்த்தார், சரணடைவார்களா என்று. கொடி இறங்கவில்லை, மறுபடி சுட்டார். தெரோவானுக்கு இரண்டு கால்களும் போயின. தன்னைக் கப்பலின் மேடையோடு கட்டச் சொல்லி, கப்பலோடு மூழ்கினார் என்று பிரெஞ்சுக் கடற்படையில் சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மூக்கு முதலில் இறங்கிக் கப்பல் மறைந்தது.

எம்டன் அங்கேயே நின்று படகை இறக்கியது. எதிரிக்கு உதவி எந்த நிமிஷமும் வரலாம் என்று தெரிந்தும் நின்றது. அதன் இரண்டாம் நிலை அதிகாரி ஃபான் மூக்கே பின்னால் எழுதிய புத்தகத்தில் ஒரு விஷயம் சொல்கிறார். தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளில் சிலர், காப்பாற்ற வந்த படகைக் கண்டு எதிர்ப்பக்கம் நீந்தினார்களாம். பிடிபட்டால் ஜெர்மன்காரன் கொன்றுவிடுவான் என்று பத்திரிகைகளில் படித்திருந்தார்கள். போர்க்காலப் பிரச்சாரம் எதுவரை வந்து வேலை செய்கிறது பாருங்கள். மலாக்கா நீரிணையில் கழுத்தளவு தண்ணீரில் கிடப்பவனுக்குக்கூட ஒரு நொடி யோசனையைக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் 36 பேர் எம்டனில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்று பேர் காயத்தால் இறந்து மரியாதையோடு கடலில் இறக்கப்பட்டார்கள். மற்றவர்கள், இந்தப் போரில் மறுபடி ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து நியூபர்ன் என்ற கப்பலில் டச்சுக்காரர்களின் சபாங் துறைமுகத்துக்குப் போனார்கள்.

துறைமுகத்துக்குள் இருந்த பிஸ்டோலே நீராவி ஏற்றிக்கொண்டு எம்டனைத் துரத்தியது. தனி ஒரு 300 டன் கப்பல், அதே மாதிரியான தன் கூடப்பிறந்த கப்பலை மூழ்கடித்தவனைத் துரத்துகிறது. ஐப்பசி மழை வந்து திரை போட்டது. எம்டன் மறைந்துவிட்டது. பிஸ்டோலேக்கு அது நல்லதே என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது கிளென்டர்ரெட்டுக்கு வருவோம். மூஸ்கே கண்ணில் பட்டதும் ஃபான் முல்லர் சோதனைக்குப் போன ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். போகிறபோது அந்தக் கப்பல் மூலம் பினாங்குக்குச் செய்தி வேறு சொல்லியனுப்பினார்: ஆயுதமில்லாத படகைச் சுட்டதற்கு வருந்துகிறேன், ஜெம்சுக் ஆட்களைக் காப்பாற்ற முடியாததற்கும் வருந்துகிறேன் என்று. எல்லாரும் இந்தப் பண்பைத்தான் சிலாகிக்கிறார்கள், சிலாகிக்க வேண்டியதும்தான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கிளென்டர்ரெட் பிழைத்தது மூஸ்கே வந்ததால். வணிகக் கப்பலைக் காப்பது ஒரு காவல் நாசகாரியின் வேலை. இரவில் தவறிய காவல், காலையில் தன் உயிரைக் கொடுத்து அந்த வேலையைச் செய்தது. தெரிந்து செய்ததா, தெரியாமல் நடந்ததா என்பதால் பலன் மாறவில்லை.

எம்டனின் ஆட்டம் பன்னிரண்டு நாளில் முடிந்தது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி அதைச் சல்லடையாக்கியது. பின்னர் பிடிபட்ட லவுட்டர்பாக் சிங்கப்பூர் தங்லின் முகாமில் அடைக்கப்பட்டு, 1915 பிப்ரவரி சிப்பாய்க் கலகத்தின்போது தப்பித்துப் போனார். அந்தக் கலகம் வேறு பெரிய கதை.

பினாங்கு வாசலில் நாசகாரிகளின் வேலை அத்தோடு தீர்ந்துவிடவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுனைப் பிடித்தார்கள். 1943இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அவர்களின் கூட்டாளிகளாக இங்கே வந்து தங்கின. ஜெம்சுக் மூழ்கிய துறைமுகத்தில் மறுபடி ஜெர்மன் கொடி. நேதாஜியை மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஏற்றிக்கொண்ட ஜப்பானிய நீர்மூழ்கியும் பினாங்கிலிருந்து கிளம்பியதுதான். அவர் கரையிறங்கிய இடம், மூஸ்கேயில் பிழைத்தவர்கள் போய்ச் சேர்ந்த அதே சபாங்.

1945 மே 16 பின்னிரவில் கணக்கு தலைகீழானது. 1914இல் ஒரு குரூசர் தனியாக வந்த நாசகாரியைக் கொன்றது. இப்போது பினாங்குக்குத் தென்மேற்கே 55 மைல் தூரத்தில், ஹகுரோ என்ற 13,000 டன் ஜப்பானியக் குரூசரைப் பிரிட்டிஷ் நாசகாரிகள் ஐந்து சூழ்ந்துகொண்டன: சாமரெஸ், வீனஸ், வெருலம், விஜிலன்ட், விராகோ. வீனஸின் ரேடார் அதை 34 மைல் தொலைவிலேயே பிடித்துவிட்டிருந்தது. இருட்டில் ஒளிந்து வரும் வித்தைக்கெல்லாம் காலம் முடிந்துபோயிருந்தது. நாலா பக்கமிருந்தும் டார்பிடோ. ஹகுரோ மூழ்கியது, 900 பேருக்கு மேல் இறந்தார்கள். கூட வந்த காமிகாசே என்ற ஜப்பானிய நாசகாரி முதலில் விலகி ஓடி, பிறகு திரும்பி வந்து 300 பேருக்கு மேல் தூக்கிக் காப்பாற்றியது.

தலைமை தாங்கிய சாமரெஸ் ஹகுரோவின் குண்டை வாங்கியும் பிழைத்தது. அதற்கு முன் 1943 டிசம்பரில் வட துருவக் கடலில் ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற பெரிய ஜெர்மன் போர்க்கப்பல் மீது டார்பிடோ அடித்த கப்பல் அது. போரில் இத்தனையும் தாண்டியது, போர் முடிந்து ஒரு வருஷம் கழித்து, 1946 அக்டோபர் 22 அன்று, அல்பேனியா அருகே கோர்ஃபு கால்வாயில் கண்ணிவெடியில் சிக்கியது. அதிலும் கூட வந்த வோலேஜிலும் சேர்த்து 44 பேர் போனார்கள். ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் விசாரித்த முதல் வழக்கு இதுதான். சாமரெஸ் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. ஒரு கப்பலின் ஜாதகத்தில் இதையெல்லாம் யார் எழுதுகிறார்களோ.

அக்கா மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூஸ்கேக்கு இங்கே ஏதாவது கல்வெட்டு இருக்கா மாமா?" என்று கேட்டான். ரஷ்யர்களுக்கு இருக்கிறது. வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் ஜெம்சுக் மாலுமிகளின் நினைவுச் சின்னம், ஜெரெஜாக் தீவிலும் கல்லறை உண்டு. ரஷ்யத் தூதரகத்தார் வந்து மலர்வளையம் வைத்துவிட்டுப் போகிறார்கள். மூஸ்கேயின் ஆட்கள் பெரும்பாலோர் கடலோடு போனவர்கள். தேடிப் போய் நிற்க ஒரு கல் வேண்டுமென்றால், இப்போதைக்கு வெஸ்டர்ன் ரோட்டைத்தான் காட்டமுடியும்.

ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் அந்தக் காலையைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். அதை வெல்ட் கீயில் நின்று பார்த்த தமிழனின் வார்த்தை ஒன்றுகூட என் கைக்குக் கிடைக்கவில்லை. காரைக்குடிப் பக்கமோ, நாகூர்ப் பக்கமோ, இங்கே பினாங்கிலேயோ உங்கள் வீட்டுப் பரணில் 1914ஆம் வருஷத்துக் கணக்கேடோ கடிதக் கட்டோ கிடந்தால், தயவுசெய்து ஐப்பசி மாதப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். "இன்று துறைமுகத்தில் சண்டை, கடை திறக்கவில்லை" என்று ஒரு வரி இருந்தாலும் போதும். ஏட்டைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடும் முன் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.